எந்தப் பனி?

என் மகள் பின்சி மூன்று வாரமாக முகத்தைக் காட்டவில்லை. சனிக்கிழமை தவறாமல் போன் வரும், குரல் வரும், முகம் மட்டும் வராது. கேட்டால் "நெட் இல்லம்மா" என்பாள். நெட் இல்லாத ஊரிலிருந்து பைபிள் வசனம் அனுப்பலாம், குதிரைக்குட்டி படம் அனுப்பலாம், பெற்றவளுக்கு முகத்தைக் காட்ட மட்டும் நெட் இருக்காதாம். இந்தக் கதையை அவள் வேறு யாரிடமாவது சொல்லட்டும்.

நான் பிலோமி. மலையாள நாட்டுச் சாந்தன்பாறையில் ஏலக்காய்த் தோட்டத்தில் முப்பது வருஷமாகக் காய் எடுக்கிறேன். செடித்தூரில் மண்ணோடு மண்ணாகக் கிடக்கும் காயில் எது விளைந்தது, எது பிஞ்சு என்று விரலால் பார்த்தே பழகியவள். யார் என்ன சொன்னாலும் சட்டென்று நம்பமாட்டேன். என் வீட்டுக்காரர் சுவக்கீன் இதற்கு நேர் எதிர். அவருக்கு வெளுத்ததெல்லாம் பால்.

பின்சி கன்னியாஸ்திரி, நர்ஸ் படிப்பும் படித்தவள். நாலு வருஷத்துக்கு முன் அவள் சபை அவளை ஆப்பிரிக்காவில் லெசோத்தோ என்ற மலைநாட்டுக்கு மிஷனுக்கு அனுப்பியது. பக்கத்து வீட்டுச் சுருளியம்மாள் அன்றைக்கே வந்து கேட்டாள்: "உன் மக மிஷினுக்குப் போறாளாமே, தையல் மிஷினா, மாவு மிஷினா?" வந்த கோபத்தில் ஒரு வாரம் நான் அவளோடு பேசவில்லை.

அங்கே பின்சியின் பிழைப்பு எனக்கு அத்துபடி. நாலரைக்கு எழுந்து செபம். அச்சன், அதாவது சாமியார், மலையேறி வருகிற வாரம்தான் பூசை, மற்ற நாளெல்லாம் இவளும் இன்னொரு சிஸ்டரும் சேர்ந்து செபமாலை சொல்லிக்கொள்வார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி என்ற பெயரில் இரண்டு அறை. வண்டி போகாத ஊருக்குக் குதிரையில் மருந்துப் பெட்டி. போன முதல் மாசம் "காலையில பாப்பா சாப்பிட்டோம்மா" என்றாளே பார்க்கலாம், எனக்குத் தலை சுற்றிவிட்டது. மக்காச்சோள மாவைக் கிண்டிய களிக்கு அந்த ஊரில் பாப்பா என்று பேராம்.

இப்போது அவள் நித்திய வார்த்தைப்பாடு எடுக்கப் போகிறாள். எடுத்துவிட்டால் சாகிறவரை சபைக்காரிதான். அந்த நாட்டிலேயே இருந்துவிடுகிறேன் என்றும் கேட்டிருக்கிறாள். பெற்றவர்கள் ஆசீர்வதித்துக் கடிதம் எழுதித் தருவது வழக்கம், கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் அவளே சொன்னாள்: "அம்மா, நீ மனசார எழுதித் தரலைன்னா நான் எடுக்கமாட்டேன்." ஞாயிறு பூசை முடிந்து எங்கள் கோயில் மிக்கேல் அச்சன் கையில் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். சுவக்கீன் கையெழுத்துப் போட்டு ஒரு வாரம் ஆகிறது. என் இடம் காலியாகக் கிடந்தது. முகத்தை மறைக்கிற பெண்ணுக்கு எதை நம்பிப் போடுவது?

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. குரல் கரகரவென்று இருந்தது.

"ஏட்டி, என்ன தொண்டை இப்படிக் கெடக்கு?"

"பனிம்மா."

"பனியா?"

"ஆமாம்மா, ஒரே பனி. ஒரு மாசமா விடல."

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எங்கள் எஸ்டேட் ஆட்கள் வாயிலோ வெளியே மூடுகிறதும் பனிதான், உடம்பு கொதிக்கிறதும் பனிதான். அது ஆடி மாசம், இங்கே வீட்டுக்கு வீடு காய்ச்சல். ஆப்பிரிக்காவில் வெயில்தானே கொளுத்தும், அங்கே ஏது மூடுபனி? நாலு வருஷமாக இப்படி ஒரு பேச்சே வந்ததில்லை.

"காய்ச்சலை மறைச்சு வச்சுக்கிட்டா எங்கிட்ட கடுதாசி கேக்குற?" என்று கத்தினேன்.

சுவக்கீன் போனைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனார். ஐந்து நிமிஷத்தில் சிரித்துக்கொண்டே வந்து ஒரு படத்தைக் காட்டினார். கூரை, வேலி, கோயில் சிலுவை எல்லாம் வெள்ளைவெளேரென்று கிடந்தன.

"பாத்தியா? அந்த ஊருல இப்பத்தான் குளிர்காலம். இந்த வருசம்தான் இப்படி ஐஸ் கொட்டுதாம். வாளித் தண்ணியே கட்டியாப் போயிருதாம், அடுப்புல வச்சு உருக்கித்தான் மூஞ்சி கழுவுறாங்களாம்."

என் சத்தம் கேட்டு வந்திருந்த சுருளியம்மாள் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டாள். "நல்ல ஆளு போ! பனி பெஞ்சதுக்கா இப்படி ஒப்பாரி வச்ச?"

மானம் போயிற்று. கடவுளுக்குக் கொடுத்த பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று எனக்கே கேவலமாக இருந்தது. கடிதத்தை எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தேன்.

என் பெயரில் 'பி' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. கூரை இருக்கிறது, வேலி இருக்கிறது, சிலுவை இருக்கிறது. என் மகள் எங்கே? மூன்று வாரத்துப் படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். குதிரை, பிள்ளைகள், கம்பளி போர்த்திய பெண்கள். ஒன்றில்கூட அவள் இல்லை. பனி கொட்டினால் படம் எடுக்க முடிகிறது, அந்தப் படத்துக்குள் வந்து நிற்க மட்டும் முடியாதா?

அவளோடு இருக்கிற சிஸ்டர் ரிஞ்சு கட்டப்பனைப் பக்கத்து மலையாளி. அந்தப் பெண்ணிடம் மலையாளத்தில் கேட்க வேண்டும் என்று தோன்றியது. மலையாளத்தில் வெளியே கொட்டுகிறதற்கு மஞ்ஞு என்று தனிப் பேர் இருக்கிறது. பனி என்றால் காய்ச்சல் மட்டும்தான், நழுவ வழியில்லை. உடனே போன் போட்டேன்.

"சிஸ்டரே, பின்சிக்குப் பனி உண்டோ?"

மெதுவாக, "இப்போ குறவுண்டு சேச்சி" என்றது குரல். இப்போது குறைந்திருக்கிறது அக்கா, என்கிறாள்.

ரிஞ்சு அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். டிபி. பார்த்த நோயாளிகளில் யாரிடமிருந்தோ ஒட்டியிருக்கிறது. மருந்து தொடங்கி ஒரு மாசம் ஆகிறது, இன்னும் ஐந்து மாசம் சாப்பிட வேண்டும். குணமாகிவிடும், பயப்பட ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஆள் பாதியாகிவிட்டாள். வீட்டிலிருந்து கடிதம் வருகிறவரை மூச்சுவிடக் கூடாது என்று பின்சி கெஞ்சிக் கேட்டாளாம்.

கொஞ்ச நேரத்தில் பின்சியே கூப்பிட்டாள், இந்தத் தடவை முகத்தோடு. கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய், முக்காட்டுக்குள் யாரோ போல் இருந்தாள். பார்த்ததும் அழுகை முட்டியது, ஆனால் வாயில் கோபம்தான் முதலில் வந்தது.

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிட்டியேடி, பாவி!"

"நான் பொய் சொல்லலம்மா. பனின்னுதான் சொன்னேன்."

"நீ கன்னியாஸ்திரி ஆகுறியா, வக்கீல் ஆகுறியா? இந்த வித்தையை எந்த மடத்துல சொல்லிக்கொடுத்தாங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மடத்துல இல்லம்மா. உங்கிட்டதான் கத்துக்கிட்டேன்."

"எங்கிட்டயா?"

"நான் நர்சிங் படிக்கிறப்ப காச்சலோட காய் எடுக்கப் போவியே. ஏம்மா நடுங்குறேன்னு கேட்டா, பனிடின்னு சொல்லி ஜன்னலக் காட்டுவ. நானும் வெளிய பாத்துட்டு காலேஜுக்குப் போயிருவேன். ஒருநா டிபன் டப்பாவ வாங்குறப்ப உன் கை பட்டுச்சு. அப்படிச் சுட்டுச்சு."

சுவக்கீன் திரும்பி என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அது அவருக்கும் தெரியாது.

"ஆனா நான் செஞ்சது தப்புதாம்மா," என்றாள் பின்சி. "ஆசீர்வாதத்த ஏமாத்தி வாங்கக் கூடாது. அதை நெனச்சா செபம்கூட ஓடல. நீ கையெழுத்துப் போட வேண்டாம்."

"அப்ப வந்துருறியா?"

"நீ வான்னா வர்றேன்."

அவள் சும்மா சொல்லவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒரு வார்த்தை போதும், என் பிள்ளை என் பக்கத்தில் இருப்பாள், நான் கஞ்சி வைத்துக் கொடுப்பேன். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அங்க உன்னை யாருட்டி பாத்துக்கிறா?" என்று கேட்டேன்.

"தாபோன்னு ஒரு பையனோட அம்மா. போன வருசம் இதே நோய்க்கு அவங்களுக்கு நான்தான் மருந்து கொடுத்தேன். இப்ப ஐசுல மலையேறி வந்து எனக்கு வெறகு போட்டுட்டுப் போறாங்க. நான் மாத்திரைய முழுங்குற வரைக்கும் எடத்த விட்டு நகர மாட்டாங்க. முழுங்கினாலும் நம்ப மாட்டாங்க, வாயத் திறன்னு சொல்லி நாக்கத் தூக்கிப் பாப்பாங்க. உன்னைய மாதிரியே சந்தேகம் புடிச்ச பொம்பளம்மா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பேர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. வா என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் பூசை முடிந்து மிக்கேல் அச்சனிடம் கடிதத்தைக் கொடுத்தேன். என் பெயருக்குக் கீழே நான் எழுதியிருந்ததை அவர் இரண்டு தடவை படித்தார்.

"சேச்சி, இதை இப்படியேவா சபை மதருக்கு அனுப்புறது?"

"ஒரு எழுத்து மாத்தக் கூடாது அச்சா," என்றேன்.

நான் எழுதியிருந்தது இதுதான்: 'மனசாரச் சம்மதிக்கிறேன். மருந்து சாப்பிட்டாளா என்று தாபோவின் அம்மாவிடம் கேளுங்கள். உடம்பைப் பற்றி இவள் சொல்கிற எதையும் நம்ப வேண்டாம். இவள் என் மகள்.'