மூன்றில் சின்னது

மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது அடி விழுந்தால் சத்தம் போடலாம். மாமியார் வீட்டு மாடியில் குடியிருக்கும் மாப்பிள்ளைக்கு அந்த வசதியும் கிடையாது. கீழே ஒரு "சரி அத்தை", மேலே ஒரு "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்ப வேண்டியதுதான்.

இவன் போன வேலையும் இவனுக்கென்றே செய்து வைத்தது. ஆஸ்பத்திரி மருந்துக்கடையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, கை நுழையும் அளவுக்கு வெட்டிய ஓட்டை வழியாக நாள் முழுக்க மாத்திரை நீட்டுவான். "சாப்பாட்டுக்கு முன்னாடி, சாப்பாட்டுக்குப் பின்னாடி" என்பதைத் தவிர அந்த ஓட்டை வழியாக அவன் வேறெதுவும் பேசியதில்லை.

அவன் மனைவி நகரப் பேருந்து ஓட்டுநர். ஐம்பதுக்கு மேல் போக விடாத பூட்டு ஒன்றைக் கம்பெனிக்காரர்கள் பஸ்ஸின் எஞ்சினுக்குள் வைத்திருந்தார்கள். வாரமெல்லாம் அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு மலைப்பாதைப் பந்தயம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகள்தான் மூச்சு. சாலையை அடைத்துவிட்டு, ஒவ்வொரு வண்டியாக அடிவாரத்திலிருந்து மேலே அனுப்பி நேரம் பார்ப்பார்கள். ஆளுக்கு இரண்டு ஓட்டம், இரண்டில் நல்லது கணக்கு. அவளிடம் இருந்தது ஒரு குட்டி ஹாட்ச்பேக் கார். பின்சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் முகவாயில் இடிக்கும். பார்வைக்குப் பரம சாது, ஆனால் உள்ளே டர்போ வைத்த எஞ்சின். இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்று கேட்கிறவர்களைத் தாண்டி அது போய்விடும்.

போன வருஷம் அது போகக்கூடாத பக்கம் போனது. மேலே, ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமாக ஒரு நீள வளைவு உண்டு. அங்கே வண்டி வழுக்கிப் பாறையில் மோதியது. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமியார் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்பிள்ளை, பெத்தவ பேச்சு அவளுக்குக் காத்தோட போயிடும். நீங்கதான் எப்படியாவது நிறுத்தணும். எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான்."

"சரி அத்தை" என்றான். சொன்னது மாமியாருக்காக மட்டும் இல்லை. அவனுக்கே பயம். அவள் ஹெல்மெட்டைத் துடைக்க எடுத்தாலே அவன் அறையை விட்டு வெளியே போய்விடுவான். அதை அவளிடம் சொல்ல மாட்டான். சொன்னால் அவள் நிறுத்திவிடுவாளோ என்று ஒரு பயம், நிறுத்தாவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு பயம்.

எலும்பு கூடியது, வண்டியும் நிமிர்ந்தது. இந்த வருஷம் பழைய டர்போ நீலப் புகை கக்க ஆரம்பித்தது. மாற்றியாக வேண்டும், மாற்றுகிறதுதான் மாற்றுகிறோம், இன்னும் நல்லதாகப் போடலாம் என்று பேச்சு வந்தது. அப்போதுதான் அவள் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"நீயே போய் எடு."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"நான் போனா கண்ணை மூடிக்கிட்டுப் பெருசத்தான் எடுப்பேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? நீ மருந்து அளந்து குடுக்கிறவன். ஆசையில எடுக்க மாட்டே. நீ எடுத்தா நான் நம்பி ஓட்டுவேன்."

மாடியில் பேசியது கீழே எப்படித்தான் கேட்டதோ. அவன் செருப்பு மாட்டும்போது மாமியார் வாசலில் நின்றார். "இருக்கிறதுலயே சின்னதாப் பாத்து எடுங்க மாப்பிள்ளை" என்று மெதுவாகச் சொன்னார். "மெதுவாப் போற மாதிரி ஏதாவது வச்சிருப்பான்ல?"

பட்டறைக்காரரை எல்லாரும் சைலன்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். சத்தம் போடும் வண்டிகளுக்கு நடுவில் வாயே திறக்காத மனிதர் அவர். மேஜை மேல் மூன்று டர்போக்களை வரிசையாக வைத்தார். இரும்பு நத்தைகள் மாதிரி இருந்தன. எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு பக்கம் சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டில் இருக்கும் மறுபக்கச் சக்கரம் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடக் கூட இழுவை கூடும். இவ்வளவையும் அவர் நாலு வார்த்தையிலும் ஒரு விரலிலும் விளக்கி முடித்தார்.

"எது எத்தனை குதிரைச் சக்தி?" என்று கேட்டான்.

"பெருசு முந்நூத்தி இருபது. நடு இருநூத்தி எண்பது. சின்னது இருநூத்தி முப்பது."

மருந்துக்கடைக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அளவு குறைந்தால் ஆபத்து குறைவு. தொண்ணூறு குதிரைகளை லாயத்திலேயே கட்டிப்போட்டு விடலாம். நம்பிக் கொடுத்த பொறுப்பில் கள்ளத்தனம் பண்ணுகிறோமே என்று உள்ளுக்குள் உறுத்தத்தான் செய்தது. ஆனால் உறுத்தல் ஆளைக் கொல்லாது, பாறை கொல்லும்.

"சின்னது போதும்."

சைலன்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நிச்சயமா?"

"நிச்சயமா."

"நல்லது" என்றார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஸ்பேனர் சத்தம்தான் வந்தது.

வீட்டில் அவள் முகம் ஒரு கணம் வாடியது. "சின்னதா?"

"எஞ்சினுக்கு அதுதான் பொருத்தம். நல்லா யோசிச்சுத்தான் எடுத்தேன்."

"நீ சொன்னாச் சரி" என்று அவள் அத்தோடு விட்டுவிட்டாள். நாலு கேள்வி கேட்டுத் திட்டியிருந்தாலும் தேவலை என்று இருந்தது அவனுக்கு. அன்று கீழே சாப்பிட உட்கார்ந்தபோது மாமியார் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காற்று அவன் மேல் பட்டதே இல்லை.

பந்தய நாள் வந்தது. விபத்துக்குப் பிறகு மாமியார் ஒரு பந்தயத்தையும் விடுவதில்லை. மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து, சாலைக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பார்க்கவும் மாட்டார், வீட்டிலும் இருக்க மாட்டார். "இன்னிக்கு மெதுவாத்தானே போகும்?" என்று கேட்டார். "கவலைப்படாதீங்க அத்தை" என்றான் அவன், பெரிய மனுஷன் தோரணையில்.

கொடி இறங்கியது. குட்டி வண்டி கிளம்பிய வேகத்தில் புழுதி மாமியாரின் முதுகு வரைக்கும் வந்தது. வண்டி கண்ணுக்கு மறைந்தாலும் மலை சத்தத்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கும். எந்த வளைவில் இருக்கிறாள் என்று கேட்டே சொல்லிவிடுவான் அவன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சத்தம் தாழ்ந்தது, தாழ்ந்த வேகத்திலேயே எகிறியது. பழைய டர்போ அப்படி எகிறியதில்லை. நீள வளைவு வந்தது. சத்தம் துளிகூடக் குறையவில்லை. பலகையில் நேரம் விழுந்தபோது சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவள் பிரிவில் இதுவரை யாரும் அவ்வளவு சீக்கிரம் மேலே போனதில்லை.

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை, சந்தோஷத்தில் அல்ல. சைலன்சரைத் தேடிப் பிடித்தான்.

"சின்னதுதானே போட்டீங்க?"

"ஆமா சார்."

"அப்புறம் எப்படி?"

"இந்த ரோடு பூரா கொண்டை ஊசி. ஒவ்வொண்ணுலயும் வண்டி கிட்டத்தட்ட நின்னு கிளம்பும். பெரிய சக்கரம் சுத்தி எழுந்திரிக்கிறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துடும். சின்னது தொட்டதும் எழுந்திரிக்கும். நேர் ரோட்டுல பெருசு. இங்க சின்னதுதான் வேகம்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கல. தெரிஞ்சுதான் எடுக்கிறீங்கன்னு நெனச்சேன்." ஒரு வருஷத்துப் பேச்சைப் பேசி முடித்த களைப்போடு சைலன்சர் நகர்ந்துவிட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை ஊரெல்லாம் உண்டு. இவன் குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராய் முடிந்திருந்தது. வேறொருவனாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு மாலையை வாங்கியிருப்பான்.

அவள் இறங்கி வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகமெல்லாம் வியர்வை, வியர்வையெல்லாம் சிரிப்பு. நேராக வந்து அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு ஒண்ணு தெரியுமா? போன வருஷம் அந்த வளைவுல வண்டி ஒண்ணும் பண்ணல. நான்தான் பயந்து பாதியில ஆக்சிலேட்டர்லேருந்து காலை எடுத்துட்டேன். எடுத்ததும் பின்பக்கம் வால் மாதிரி வீசிடுச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல. இன்னிக்கும் அங்க வந்ததும் பயம் வந்துச்சு. அப்ப உன்னை நெனச்சேன். இது அவன் அளந்து குடுத்தது, தப்பாதுன்னு நெனச்சேன். காலை எடுக்கவே இல்ல."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவும் முடியாது. அவள் விடவில்லை. "இனிமே டயர், பிரேக் எல்லாமே நீதான் பாக்கணும். நீ எடுத்துக் குடு, நான் ஓட்டுறேன்."

உண்மைக்கும் நேரம் காலம் உண்டு. நல்ல மருந்தாகவே இருக்கட்டும், நேரம் தப்பிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று தினமும் ஊருக்குச் சொல்கிறவன் இவன். ஆனால் அந்த நன்றியை இன்னும் ஒரு நிமிஷம் வாங்கிக்கொண்டு நிற்க அவனால் முடியவில்லை. அதிலிருந்து வெளியே வந்தால் போதும் என்று வாயைத் திறந்துவிட்டான்.

"நான் அப்படி எடுக்கல. நீ மெதுவாப் போகணும்னுதான் சின்னதை எடுத்தேன். வேகம் குறையும்னு நெனச்சேன். அத்தைக்கு வாக்குக் குடுத்திருந்தேன். எனக்கும் பயம்."

அவள் கை அவன் கையிலேயே இருந்தது. ஆனால் பிடி இல்லை. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பான். ஒலிபெருக்கியில் இரண்டாவது ஓட்டத்துக்கு அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

"போகாதே" என்றான். அப்போதுதான் என்ன செய்துவிட்டோம் என்று அவனுக்கு உறைத்தது. "ஒரு ஓட்டம் போதும். அதுவே முதலிடம்தான்."

"கதவைச் சாத்து" என்றாள் அவள், வண்டிக்குள் உட்கார்ந்து.

சாத்தினான். அவனே சாத்தினான்.

சத்தம் மலையேறியது. முதல் கொண்டை ஊசி, அடுத்தது, அதற்கடுத்தது. நீள வளைவு நெருங்கியதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். சத்தம் நின்றது. ஒரேயடியாக நின்றது. மலை எதையும் திருப்பி அனுப்பவில்லை. மற்றவர்களுக்கு அது ஒரு நொடி. அவன் அதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய், வராந்தாவில் நின்று, அதற்கு அப்புறமும் நடக்கக்கூடியதையெல்லாம் பார்த்துவிட்டான். பிறகு வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து தாழ்வாக, அடக்கமாக, அவள் பஸ் ஓட்டும் வேகத்தில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. வளைவுக்கு வெகு முன்னாலேயே காலை எடுத்துவிட்டிருக்கிறாள்.

"மெதுவாப் போறா, கேட்டீங்களா?" மாமியார் முதல் தடவையாக நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்பினார். கண்ணில் தண்ணீர். "நல்ல புத்தி வந்துடுச்சு. எல்லாம் உங்களாலதான் மாப்பிள்ளை."

ஆமாம், எல்லாம் அவனால்தான். கேட்டது அப்படியே கிடைத்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

முதல் ஓட்டத்து நேரத்துக்கே கோப்பை வந்தது. ஒலிபெருக்கிக்காரர் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். "டர்போ எங்க வீட்டுக்காரர் எடுத்தது" என்றாள் அவள். பொய்யில்லை. எல்லாரும் திரும்பி அவனுக்குக் கை தட்டினார்கள். சைலன்சர்கூடத் தட்டினார். தட்டி முடிகிற வரைக்கும் அவன் சிரித்த முகமாக நிற்க வேண்டியிருந்தது.

திரும்பும்போது சாவியை அவனிடம் நீட்டினாள். "நீ ஓட்டு. அம்மாவுக்கும் நிம்மதியா இருக்கும்." பக்கத்து இருக்கையில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே பார்த்தபடி உட்கார்ந்தாள். பின்னால் மடக்கு நாற்காலியோடு மாமியார். அவன் மலையிறங்கினான். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் தாண்டிப் போனார்கள். "போறவங்க போகட்டும். இப்படித்தான் ஓட்டணும்" என்றார் மாமியார்.

பாதி வழியில் அவனால் தாங்க முடியவில்லை. "அந்த வளைவுல என்ன ஆச்சு?" என்று கேட்டான். "பயமா?"

அவள் ஜன்னல் கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"இல்ல. பயத்தோட ஓட்ட எனக்குத் தெரியும். வளைவுல திரும்பப் போறேன், நீ நடு ரோட்டுல நின்னுக்கிட்டு இருந்தே. எப்படி உன் மேல ஏத்துறது?"

அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"யாரு நின்னா? எங்க நின்னா?" என்று மாமியார் பின்னாலிருந்து தலையை நீட்டினார். அவன் இன்னும் ஓரமாக ஒதுங்கி, பின்னால் வந்த வண்டிக்கு வழி விட்டான்.