முழுக்கைச் சட்டைகள்

விடியும்போதே அலறல் தொடங்கிவிட்டது. மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெங்கும் தோல் உரிந்து கிடந்த கொத்தனாரின் முதுகிலிருந்து பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள் பயிலும் டாக்டர்களில் மூன்றாம் வருடத்துக்காரி. உப்புநீரை ஊற்றி ஊற்றித்தான் எடுத்தாள். ஆனாலும் துணியோடு தோலும் வந்தது. வலி தாங்காமல் அவர் விட்ட உதை அவள் விலாவில் விழுந்தது.

"உதைங்கண்ணே, பரவாயில்ல. இன்னும் ஒரே கட்டுதான்."

தோல் மருத்துவத்தை இப்படித்தான் படிக்கிறார்கள், ஐயா! புத்தகத்துப் படத்துக்கு உதைக்கத் தெரியாது.

மருத்துவமனைக்குச் சொந்தக்காரரும் பயிற்சிக்குத் தலைவரும் ஒருவரே, பெரிய டாக்டர். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்குப் பரீட்சை. அதற்காகவே பயிலும் டாக்டர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு மாடாக உழைத்தார்கள்.

கட்டு முடிந்ததும் லேசர் அறைக்கு ஓடினாள். கன்னத்தில் கரும்படையோடு பாத்திரம் கழுவும் அம்மா ஒருவர் சிகிச்சைக்காக நாற்காலியில் இருந்தார். கருவியைப் பிடித்திருந்த, இந்த வருடம் பயிற்சிக்குச் சேர்ந்த புதுப்பையன் அதைக் கீழே இறக்கிவிட்டு, பக்கத்தில் நின்ற பெரிய டாக்டரைப் பார்த்தான்.

"சார், மெஷின்ல தோலைக் குளிர வைக்கிற காத்து வரவே இல்ல. தோல் வெந்துடும்."

பளாரென்று ஓர் அறை. "கோழைப்பயலே! மெஷின் ஒண்ணும் பண்ணாது, பாரு!" பெரிய டாக்டர் அவன் கையை முறுக்கி மேசையில் அழுத்தி, தானே லேசரால் சுட்டார். மயிர் பொசுங்கும் நாற்றம். பையன் கதறினான். முன்னங்கையில் காசளவு தோல் வெளுத்து, கண்ணெதிரே கொப்புளமாக உப்பியது.

அவளுக்குச் சுரீரென்றது. நோயாளியின்மேல் வைக்குமுன் தன் கையில் சுட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். அவள் சுட்டபோதும் இதே கொப்புளம்தான். "உனக்குக் கை வரல," என்று பெரிய டாக்டர் சொன்னதை நம்பி, வெட்கப்பட்டு முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துவிட்டாள். இன்று சுட்டதோ இருபத்தைந்து வருடம் பழகிய கை.

சட்டைக் கையைச் சுருட்டி, தன் முன்னங்கையைப் பையனின் கையருகே வைத்தாள்.

"இது நீங்க சுட்டது சார். இது நான் சுட்டது. வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்!"

கதறல் கேட்டு ஓடிவந்து பின்னால் நின்ற பயிலும் டாக்டர்களிடையே இன்னொரு சட்டைக் கை சுருண்டது. இன்னொன்று. எல்லாக் கையிலும் அதே வட்டம், எல்லோருக்கும் அதே வெட்கம். அடப்பாவிகளா! ஊரார் தோலையெல்லாம் விளக்குப் பிடித்துப் பார்த்தவர்கள், பக்கத்தில் நிற்பவரின் கையைப் பார்க்கவில்லையே!

பெரிய டாக்டர் வீசிய எஃகுத் தட்டு பறந்துவந்து அவள் நெற்றியைப் பிளந்தது.

"ஒருத்தருக்கும் கையெழுத்து கிடையாது! தெருவுல நில்லுங்க!"

மூன்று வருடமும் மண்ணாய்ப் போகுமே! இரத்தத்தை வழித்துக்கொண்டே சொன்னாள்:

"வார்டுல கட்டு மாத்துவோம் சார். இந்த மெஷினைச் சரிபண்ற வரைக்கும் நாங்க தொடமாட்டோம். யாரையும் தொடவும் விடமாட்டோம்."

"வாட்ச்மேன்!"

தடிகளோடு பூட்ஸ் சத்தம் மாடிப்படியில் ஏறியது. கதவுக்குக் குறுக்கே பயிலும் டாக்டர்கள் கைகோத்து நின்றார்கள். புதுப்பையனும் பல்லைக் கடித்துக்கொண்டு புண் கையை நீட்டினான். முதல் அடி அவள் தோளில் இறங்கியது; கோத்த கை விடவில்லை.

பாத்திரம் கழுவும் அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லும்மா. வேகவேண்டியது என் கன்னம்தானே?"

அவள் தள்ளி நின்று, கோத்த கைகளுக்கு நடுவே அவருக்கு இடம் விட்டாள்.