குப்பம்மாவுக்கு ஊற்றிய தண்ணீர்

குப்பம்மாவுக்கு ஒன்றுமில்லை என்று ஊரே சொன்னது. ஊருக்கென்ன, சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். அவளோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்தவள் நான். அவளுக்கு என்னவென்று எனக்கே தெரியாமல் போனால் நான் என்ன அண்ணி?

குப்பம்மா என் வீட்டுக்காரரின் தங்கை. சின்ன வயதில் அம்மை போட்டு முகமெல்லாம் தழும்பு. ஒரு தடவை அம்மை கண்டவளிடம் அம்மா மறுபடி வரமாட்டாள் என்பதால், குப்பத்தில் எந்த வீட்டில் அம்மை கண்டாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அந்த வருஷம் பங்குனியில் தொடங்கியது ஆடி வரைக்கும் நிற்கவில்லை. பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்து வெள்ளைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் மீன் மட்டும் கூடையில் ஏறி, கயிற்றில் தொங்கி மதிலைத் தாண்டியது. குப்பம்மா வீடு வீடாகப் போனாள். வேப்பிலையால் வீசினாள், இளநீர் கொடுத்தாள், புண்ணில் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டாள். ஒரு வீட்டில் அம்மை முத்து இறங்கத் தொடங்குவதற்குள் அடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்து நிற்கும்.

அம்மை கண்ட வீட்டில் அழக்கூடாது. வந்திருப்பது தாய். அவள் எதிரில் கண்ணீர் விட்டால் கோபித்துக்கொள்வாள். உயிரே போனாலும் ஒப்பாரி கிடையாது. முத்து இறங்கி, வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றும் வரைக்கும் வீட்டில் உள்ளவர்கள் சிரித்த முகமாகத்தான் இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றிய பிறகு எல்லாம் உண்டு. மீன் உண்டு, கடல் உண்டு, செத்தவர்களுக்காக அழுகையும் உண்டு.

ஆடியில் கூழ் ஊற்றி அம்மாவை அனுப்பிவைத்தோம். வாசல் வேப்பிலை காய்ந்து விழுந்தது. எல்லாக் கட்டுமரங்களும் கடலுக்குப் போயின. குப்பம்மாவும் வீட்டுக்கு வந்தாள். வந்தவள் சுவரோரம் ஒரு பாயை விரித்து, பக்கத்தில் உட்கார்ந்து, வேப்பங்கொத்தால் அந்த வெறும் பாய்க்கு வீச ஆரம்பித்தாள்.

"இன்னா குப்பு, யாருக்கு வீசற?"

"யாருக்கும் இல்ல அண்ணி. கை நிக்க மாட்டேங்குது." சிரித்துக்கொண்டே சொன்னாள்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. சோறு போட்டால் சிரிப்பாள், சாப்பிடமாட்டாள். படு என்றால் சிரிப்பாள், தூங்கமாட்டாள். கண்ணை மூடினால் யாரோ தண்ணீர் கேட்கிறார்களாம்.

"ஒடம்பு அசதி. நல்லா தூங்கி எழுந்தா சரியாப்பூடும்" என்றார் என் வீட்டுக்காரர் நீலமேகம்.

"தூங்கினாத்தானேய்யா!" என்று கத்தினேன்.

மந்திரித்துக் கயிறு கட்டினோம். கோட்டை வைத்தியரிடம் காட்டு என்றாள் ஒருத்தி. அவர் கையைக் கீறி ரத்தம் எடுப்பாராம். எலும்பும் தோலுமாக இருந்தவளிடம் எடுக்க என்ன இருக்கிறது?

ஒரு நாள் விடியும்போது பாய்ப் பக்கம் அவளைக் காணோம். தேடிக்கொண்டு ஏரிக்கு ஓடினோம். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில், கழுத்தளவு தண்ணீரில், சொம்போடு நின்றிருந்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருந்தால் இழுப்பு அவளைக் கடலுக்குக் கொண்டுபோயிருக்கும். நீலமேகம் பாய்ந்து இழுத்துவந்தார்.

"தண்ணி கேட்டாங்க அண்ணா. மொண்டுக்கினு போலாம்னு வந்தேன்" என்றாள். உப்புத் தண்ணீரையா! இப்படியே விட்டால் ஏதாவது ஒரு நாள் இவளை ஏரிக்குத் தாரை வார்த்துவிட்டு நிற்போம் என்று புரிந்துவிட்டது.

அதன்பிறகு நான் போகிற இடமெல்லாம் அவளையும் இழுத்துக்கொண்டு போனேன். கருவாட்டுக் கூடையோடு மரைக்காயர் தெருவுக்குப் போனபோது அமீனாம்மா வாசலுக்கு வந்து குப்பம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மருமகள் சுராயாவையும் குப்பம்மாதான் பார்த்துக்கொண்டாள். அந்தப் பெண் பிழைக்கவில்லை.

"எம் மருமவளுக்குக் கடைசியா வாயில தண்ணி ஊத்துன கை இது" என்று அமீனாம்மா விம்மி விம்மி அழுதார். குப்பம்மா சிரித்தபடி நின்றாள். எனக்கு மானமே போயிற்று.

திரும்பி வரும்போது அவளைப் பிடித்துக்கொண்டேன். "அடியே, அந்தம்மா அப்டி அழுவுறாங்க, நீ பல்லக் காட்டிக்கினு நிக்கற?"

குப்பம்மா நின்றாள். "சுராயா செத்த அன்னிக்கும் இப்டித்தான் அழுதாங்க அண்ணி. ஊடு நெறைய பொம்பளைங்க. அவங்க ஊட்ல அழுவக்கூடாதுன்னு இல்லியே, வாய்வுட்டு அழுதாங்க. நான் வாசல்ல நின்னு பாத்துக்கினே இருந்தேன். எனக்குப் பொறாமையா இருந்துது."

"பொறாமையா?"

"நம்ம பூபதி பொண்ணு செங்கேணி இல்ல? அதுக்குக் கண்ண மூடினது நான்தான். சிரிச்சிக்கினே மூடினேன். மூடின கையோட அடுத்த ஊட்ல கூப்ட்டாங்க. ஓடிப் பூட்டேன்."

கூடையை மணலில் இறக்கிவைத்துவிட்டேன். பூபதி வீட்டில் மிச்சப் பேருக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு அவன் பெண்டாட்டி மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். நான்தான் போய்த் தாங்கிப் பிடித்தேன். அப்போது குப்பம்மா வேறொரு வீட்டில் வீசிக்கொண்டிருந்தாள். எந்த வீட்டிலும் தண்ணீர் ஊற்றும்வரை அவள் இருந்ததில்லை. ஊர் முழுக்கத் தலைக்கு ஊற்றிக்கொண்டு அழுது தீர்த்துவிட்டது. இவள் மட்டும் இன்னும் அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.

நேராகப் பூசாரி கோதண்டத்திடம் போனேன்.

"மாமா, நாளைக்கு எங்க ஊட்ல தண்ணி ஊத்தணும்."

"யாருக்கு?"

"குப்புவுக்கு."

"அவளுக்குத்தான் இந்தத் தடவ முத்தே போடலியே. போடாதவளுக்கு ஊத்தினா அம்மாவ கேலி பண்றாப்ல ஆவும்."

"போட்டுருக்குது மாமா. உள்ள போட்டுருக்குது. வெளிய தெரியல, அதான் ஒருத்தரும் பாக்கல."

அவர் வெற்றிலையை மடித்தபடி இருந்தார். "அப்டி ஒரு வழக்கம் இல்ல பச்ச" என்று என் பேரைச் சொல்லி மறுத்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "ஒம் பேரன் இன்னிக்கு நடமாடுறானே, யாரு வீசின வேப்பிலையில? அப்ப மட்டும் அவ வேணும். நீ ஊத்தலேன்னா நானே ஊத்துவேன். அம்மா கோவிச்சுக்கினா என்மேல கோவிச்சுக்கட்டும்!"

பூசாரியிடம் பேசுகிற பேச்சா இது. பேசிவிட்டேன், இனி அள்ள முடியுமா? அவர் மடித்த வெற்றிலையைக் கீழே வைத்தார். பிறகு எழுந்துபோய்க் கோயில் வேம்பிலிருந்து ஒரு கொத்தை ஒடித்து என்னிடம் நீட்டினார்.

"வெயில் ஏறதுக்கு முன்ன தண்ணிய வச்சுடு" என்றார்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குப் பானைத் தண்ணீர் வெதுவெதுப்பாகியிருந்தது. குப்பம்மாவை வாசலில் மணை போட்டு உட்காரவைத்தோம். கோதண்டமும் வந்து நின்றார். அவள் பார்த்துக்கொண்ட வீடுகளிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. ஆளுக்கொரு சொம்பு ஊற்றினார்கள். அப்போதும் அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கையில் கொத்து ஆடிக்கொண்டே இருந்தது. இதற்கும் மசியாவிட்டால் இவளை எங்கே கொண்டுபோவேன்?

கடைசியாகப் பூபதி பெண்டாட்டி வந்தாள். சொம்பை மெல்லச் சாய்த்து ஊற்றிவிட்டு, முந்தானையால் குப்பம்மாவின் முகத்தைத் துடைத்தாள்.

"செங்கேணிக்கு நான் அழுதுட்டேன் குப்பு. நீதான் இன்னும் அழுவல."

குப்பம்மா கோதண்டத்தைப் பார்த்தாள். "அம்மா கோவிச்சுக்க மாட்டாளா மாமா?"

"அம்மா எறங்கிட்டா தாயி" என்றார் அவர். "ஒன்ன வுட்டும் எறங்கிட்டா."

அவள் உதடு கோணியது. கொத்து மடியில் விழுந்தது. "ஐயோ செங்கேணி!" என்று ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், அவளிடம் அப்படி ஒரு குரல் இருந்ததே எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு பேராகச் சொல்லிச் சொல்லி அழுதாள். சுராயா பேரும் வந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களும் அழுதார்கள், நானும்தான். போதும் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பொழுது சாய்கையில் குரல் ஓய்ந்தது. ஈரத் தலையைத் துவட்டிவிட்டேன். அதே பாயில் சாய்ந்தாள், அப்படியே தூங்கிப்போனாள். முகத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. கீழே கிடந்த வேப்பங்கொத்தை எடுத்து வீசினேன்.

கரையிலிருந்து வந்த நீலமேகம் என் கையில் கொத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இன்னா பச்ச... யாருக்கு வீசற?"

"கண்ணு தெரியல? ஒந்தங்கச்சிக்கு" என்றேன். "மெதுவாப் பேசு. தூங்கறா."