ஏழு கற்களின் எடை

லிஃப்ட் ஓட்டுபவரின் மனைவி ஒரு செவ்வாய்க்கிழமை தனியாக ஏறியபோது, ஆறு பேர் ஏறக்கூடிய அந்த லிஃப்ட், பாரம் அதிகம் என்று மணியடித்து நகர மறுத்தது. பார்வைக்கு அவள் எப்போதும்போல ஒல்லிதான். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் கொண்டைக்கடலை அளவில் ஏழு கற்கள் தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு சிமெண்ட் மூட்டை கனம் என்று, காய்ச்சல் எவ்வளவு என்று சொல்லும் குரலிலேயே டாக்டர் சொன்னார். அவளுடைய பலவீனமான இதயம் மயக்க மருந்தைத் தாங்காது, அதனால் கத்தி வைக்க முடியாது. கரைக்கும் மாத்திரைதான், இரண்டு வருடம் ஆகலாம், கரையாமலும் போகலாம் என்றார்.

முதல் மாதம் கட்டில் முறிந்தது. தரையில் படுத்தாள், தரை ஒரு விரற்கடை உள்வாங்கியது. கீழ்வீட்டுக் கூரை விரிசல் விட்டதும் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்ல, பக்கத்துத் தெருவில் தரைத்தளத்து ஒற்றை அறைக்கு மாறினார்கள். வாய்க்கு ருசியாக ஒரு கவளம் தின்றாலும் வலது விலாவின் கீழே பிடித்த வலி தோள்பட்டைவரை ஏறும். பயந்துபோய் வெறும் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டாள். அவளுடைய அக்கா ஒரு குவளை எண்ணெயில் எலுமிச்சைச் சாறு கலந்து புகட்டினாள். மறுநாள் மலத்தில் பச்சைப் பச்சையாக உருண்டைகள் விழுந்தன. கல்தான் என்று அவற்றை அலசி டாக்டரிடம் எடுத்துப்போனாள் அக்கா. டாக்டர் விரலால் நசுக்கிப் பார்த்தார். “இது குடிச்ச எண்ணெய்தாம்மா, சோப்பு மாதிரி கட்டியாயிருக்கு. கல்லு அப்படியேதான் இருக்கு.”

எட்டாம் மாதம் ஆஸ்பத்திரியில் கல்லை உடைக்க அதிர்வலை கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வரிசை அறைகளின் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் நொறுங்கின. கல்லில் ஒன்றுதான் உடைந்தது. அதன் துகள்கள் பித்தநீர்க் குழாயில் சிக்கி, நான்கு நாள் கண் மஞ்சளாகி, அவள் தலையணை உறையைக் கடித்தே கிழித்தாள்.

“வெட்டச் சொல்லுங்க. செத்தா செத்துட்டுப் போறேன்.”

“வாயை மூடு,” என்ற கணவர் அங்கேயே உட்கார்ந்து, அவள் முன்னால் முதல்முறையாக அழுதார். “இன்னைக்கு மாத்திரை ஒண்ணு பாக்கி இருக்கு. போட்டுக்கோ. எனக்காகப் போட்டுக்கோ.”

போட்டுக்கொண்டாள். அப்படியே மூன்று வருடம். நான்கு கற்கள் கரைந்தன. மிச்சம் இரண்டும் அசையவில்லை. கரைந்தவை மறுபடி வரலாம் என்றும் டாக்டர் சொல்லிவைத்தார். வலி குறைந்ததே தவிரப் போகவில்லை.

அடுத்த வருடப் புயலில் தகரக் கூரைகள் பறந்தன. மனிதர்களின் காலும் தரையைவிட்டுக் கிளம்ப, மிச்சக் கற்களின் கனத்தில் அசையாதிருந்தவளின் அறைக்குள் தெருவே புகுந்து அவள் கையையும் தோளையும் முந்தானையையும் பற்றிக்கொண்டது.

“இந்தப் பக்கம் மட்டும் மெதுவா புடிங்க, வலிக்குது,” என்றாள். இடம் மாற்றிப் பிடித்துக்கொண்டார்கள்.