மந்திரித்த மெழுகு

என் வீட்டுக்காரர் மரியநாதன் தாலி கட்டியது எனக்கு, காவல் காத்தது பேட்டரிக்கு. பொந்தியானில் ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடமிருந்து, சண்டையில் ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் பிடுங்கிக்கொண்ட மோட்டார் போட்டுக்கு அவர்தான் டிரைவர். அவருடைய தம்பி கேப்ரியல் அதே போட்டில் கயிறு கட்டுகிறவன். காலையில் போட் கிளம்பினால் இரண்டு பேரும் ஊரிலேயே இருக்கலாம். கிளம்பாவிட்டால் சயாம் ரயில் பாதை போட லாரி ஏற வேண்டும். எங்கள் கம்பத்துக் குடிசைகளிலிருந்து அப்படி ஏறினவர்களில் ஒருத்தரும் அதுவரை திரும்பவில்லை.

எஞ்சின் நல்ல எஞ்சின்தான். வம்பெல்லாம் பேட்டரியில். உப்புக் காற்று பட்டு அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துவிடும். பூத்தால் கரண்ட் போகாது. அவர் சாம்பல் தண்ணீரில் கழுவித் துடைத்து, வயர்ப் பிடியை மாட்டி இறுக்கி, அதற்குப் பிறகு மேலே கிரீஸ் பூசுவார். என் காலில் புண் வந்தபோதுகூட அவ்வளவு பதமாக அவர் மருந்து போட்டதில்லை.

கிரீஸ் தீர்ந்தது. தேங்காய் எண்ணெய் மட்டும் பூசிப் பார்த்தார், வெயிலில் வழிந்தோடிவிட்டது. ஒருநாள் வந்து என் பெட்டியைத் திறந்து மெழுகுதிரியைக் கையில் எடுத்தார். சண்டைக்கு முன்னால், மெழுகுதிரித் திருநாளில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த திரி அது. சாகிறவர் கையில் ஏற்றிக் கொடுப்பதற்கென்று எங்கள் வீடுகளில் பத்திரப்படுத்தி வைப்போம்.

"ஏங்க, அது சாவுக்கு வச்சதுங்க."

"சாவத் தள்ளிப் போடத்தான் கேக்குறேன், அமலோற்பவம்."

எண்ணெய் விட்டு உருக்கி ஒரு டின்னில் ஊற்றிக்கொண்டார். பிடியை இறுக்கிவிட்டு மேலே பூசினார். முனைகள் பூக்கவில்லை, போட் ஓடியது. சோறு இல்லாமல் ஊபி என்ற மரவள்ளிக் கிழங்கைத் தின்றாலும் மூன்று பேரும் ஒன்றாகத் தின்றோம்.

பிறகு அவருக்கு மலேரியா வந்தது. நடுங்கிக்கொண்டே தம்பியிடம், "கழட்டிக் கழுவிட்டு மெழுகு பூசிடுடா" என்றார். முதலில் பிடியை இறுக்கு, பிறகு பூசு என்று அவர் சொல்லவில்லை. அது அவருக்குச் சோற்றை வாயில் போடு என்று சொல்வது மாதிரி.

கேப்ரியல் பக்திமான். சாமியார் இல்லாத கோயிலில் அவன்தான் ஜெபமாலை சொல்லுவான். பொழுது சாய வீட்டுக்கு வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"மந்திரிச்ச மெழுகாச்சே அண்ணி, சும்மா மேல மட்டும் தடவலாமா? முழங்கால் போட்டு ஜெபம் சொல்லி, ஒரு இடம் விடாம பூசுனேன். முனையில தடியா பூசி, அதுக்கு மேலதான் பிடிய மாட்டுனேன். சைத்தான்கூட உள்ள போக முடியாது லா!"

சைத்தான் மட்டுமில்லை, கரண்டும் உள்ளே போக முடியாது என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தார்.

மறுநாள் காலையில் படகுத்துறை ஜெட்டியில் மூட்டை தூக்கும் மணியம் ஓடிவந்தான். "போட் கிளம்பல. கேப்ரியல் வேணும்னே கெடுத்துட்டான்னு ஜப்பான்காரனுங்க போட்டு அடிக்கிறானுங்க!"

அவர் எழுந்து உட்கார்ந்தார். கேப்ரியல் செய்ததை நான் சொன்னேன். "பிடிக்கு உள்ளயுமா பூசுனான்? அட பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பார்கள். மந்திரித்த மெழுகுக்கும் அதே கதிதான். என் தோளைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி ஜெட்டிக்கு வந்தார்.

கேப்ரியலை அதற்குள் லாரியில் ஏற்றிவிட்டார்கள். உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் போட்டில் இறங்கி, கத்தியால் முனையைச் சுரண்டி, பிடியை மாட்டி இறுக்கினார். எஞ்சின் உறுமிக் கிளம்பியது. அதே நேரம் லாரியும் நகர்ந்தது.

லாரியிலிருந்து கேப்ரியல் சிலுவை போட்டுக்கொண்டு கத்தினான். "அண்ணி! ஓடுது பாத்தீங்களா? ஜெபம் வீண் போகல! எறக்கி விட்ருவாங்க, அழாதீங்க!"

லாரி நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் ஜப்பான் அதிகாரியின் காலைக் கட்டிக்கொண்டு, தெரிந்த மலாய், தெரியாத மலாய் எல்லாம் பேசிக் கெஞ்சினார். அவன் சிரித்து அவர் தோளில் தட்டி, அவர் வாயில் ஒரு சிகரெட்டைச் செருகி, போட்டைக் கை காட்டினான்.

மழைக்காலம் முடிந்து, சயாமிலிருந்து தப்பிவந்த ஒரு தம்போய் ஊர்க்காரர் செய்தி கொண்டுவந்தார். கேப்ரியலுக்கு வாந்தி பேதியாம். குழியில் பத்தோடு பதினொன்றாகத் தள்ளினார்களாம்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. சாகும்போது அவன் கையில் திரி இல்லை, இப்போதாவது ஏற்ற வேண்டும். டின்னின் அடியில் ஒரு கட்டி மெழுகு மிச்சமிருந்தது. கந்தல் துணியைத் திரியாகத் திரித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து என் மடியிலிருந்து டின்னை எடுத்தார்.

"காலையில போட் கிளம்பணும்" என்றார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

நான் தடுக்கவில்லை. விடிந்ததும் போட்டின் சத்தம் வீடுவரை கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க எனக்கு ஆத்திரமாக வந்தது. அது நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டும் இருந்தேன்.