பதினோராவது நிபந்தனை

1.

இந்தக் கதை ஒரு வாடகை ஒப்பந்தத்தின் பதினோராவது நிபந்தனையிலிருந்து வந்தது. அந்த நிபந்தனையை எழுதியது நான். யாரும் எழுதச் சொல்லவில்லை. எழுதியிருக்கிறேன் என்பதும் இதுவரை யாருக்கும் தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

"விருத்தாசலம் ஜங்ஷனில் காலை ரயில் வந்து நின்றபோது" — எங்கள் வீட்டிலிருந்து ரயில் தெரியாது. இந்தக் கதையில் யாரும் ரயிலில் வரவும் இல்லை.

"ஈவு இரக்கமில்லாத வீட்டுக்காரர் ஒருவர்" — அவர் என் அப்பா. எனக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். அந்த வரியை அடித்துவிட்டேன்.

"கனகா அக்கா ஈரக் கையோடு குழாயைத் தொட்டாள்" — இது உண்மை. ஆனால் இங்கே தொடங்கினால் ஒப்பந்தத்தைச் சொல்ல இடமில்லாமல் போகும். அதனால் தொடக்கம் இல்லாமலே தொடங்குகிறேன்.

2.

அப்பா பெயர் மாணிக்கவேல். எங்கள் மாவட்டத்து மங்களூர் பக்கம் இருந்த நிலத்தை விற்று, மேற்கொண்டு பேங்கில் கடன் வாங்கி, எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக மூன்று வீடு கட்டினார். மூன்றுக்கும் ஒரே மோட்டார், ஒரே கரண்ட் லைன். பீங்கான் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் குடிவருவார்கள் என்று நினைத்தார். வந்தார்கள்.

"நெலத்துல காச போட்டா வானத்த பாத்துகிட்டு கெடக்கணும். வூடு கட்டி வுட்டா நம்ம பாட்டுக்குத் தூங்கலாம்" என்று டீக்கடையில் சொல்வார். வீட்டில் அம்மாவிடம் சொல்வது வேறு:

"பாப்பா ஸ்கூலயும் வுட்டுடுச்சி. நாலு பேருகிட்ட வாயத் தொறந்து பேசாது. நாளைக்கு அதுக்குன்னு என்னா இருக்குது? இந்த மூணு வூடுதான்."

பாப்பா நான்தான். பத்தொன்பது வயது.

(பள்ளியை ஏன் விட்டேன் என்று ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். மிச்சம் இவ்வளவுதான்: பதினொன்றாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எழுத்து தெரிந்தது, குரல் வரவில்லை. மூன்று நாள் அப்படி நின்றேன். நான்காம் நாள் போகவில்லை.)

வாய்தான் அப்படி. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். அதனால் ஒப்பந்தம் எழுதும் வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். பதினோரு மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் புதுப் பத்திரம். பழையதைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும். பெயரும் தேதியும்தான் மாறும். இரண்டு பிரதி. ஒன்று எங்கள் பீரோவுக்கு, ஒன்று குடியிருப்பவருக்கு.

3.

பழைய பத்திரத்தில் பத்து நிபந்தனைகள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஆடு, கோழி வளர்க்கக் கூடாது. விருந்தாளி ஒரு வாரத்துக்கு மேல் தங்கக் கூடாது. இப்படி ஒன்பது, குடியிருப்பவருக்கு. பத்தாவது மட்டும் வீட்டுக்காரருக்கு: அவர் மாதாமாதம் வாடகையைப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

இதை ஏழு தடவை எழுதியிருக்கிறேன். எட்டாவது தடவை, கனகா அக்காவுக்கு எழுதும்போது, பத்தோடு பேனா நிற்கவில்லை.

"11. மேற்படி வீட்டில் ஒழுகலோ, மின்கசிவோ, உயிருக்கு ஆபத்தான வேறு பழுதோ இருந்தால், வீட்டுச் சொந்தக்காரர் பதினைந்து நாட்களுக்குள் தம் சொந்தச் செலவில் சரிசெய்து தர வேண்டும். சரிசெய்யக் கேட்டதற்காகக் காலி செய்யச் சொல்லக் கூடாது."

அப்பா படிக்காமல் கையெழுத்துப் போட்டார், பாப்பா எழுதியதுதானே என்று. கனகா அக்காவும் படிக்கவில்லை, எல்லாருக்கும் இதேதானே என்று. சாட்சிக் கையெழுத்துப் போட்ட பச்சமுத்து மாமா, பேனா எழுதுகிறதா என்று உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்ததோடு சரி.

துணிச்சலில் எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும் என் ஆறு நோட்டுகளையும் அப்படித்தான் எழுதினேன். இது ஏழாவது.

4.

கனகா அக்கா விஷயத்தில் ஒரு சிக்கல். அவள் கம்பெனியில் செய்வது ஃபியூஸ் கட்டை. கரண்ட் கைக்கு வராமல் தடுக்கிற அந்த வெள்ளைப் பீங்கான். கதைக்காக வேண்டுமென்றே வைத்தது போல இருக்கிறது. பொம்மை செய்கிறாள் என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். அவள் நகக்கண்ணில் எப்போதும் இருக்கிற வெள்ளை மண் அப்படியேதான் இருந்தது; ஆனால் அவள் அவளாக இல்லை. ஃபியூஸ் கட்டையாகவே இருக்கட்டும்.

புருஷன் இல்லை. ஐந்து வயதில் வெண்பா என்று ஒரு மகள். குடிவந்து நான்காம் மாதம் அப்பாவிடம் வந்து சொன்னாள்:

"அண்ணே, பாத்ரூம் கொழாயத் தொட்டா சுர்ருன்னு இழுக்குது."

"ஈரக் கையோட ஏம்மா தொடற?"

"கொழாய ஈரமில்லாம எப்பிடிண்ணே தொடறது?"

உள்ளே அம்மா சிரிப்பை அடக்கப் பாத்திரத்தை உருட்டினாள். அப்பா பச்சமுத்து மாமாவைக் கூப்பிட்டார். மூன்று வீட்டுக்கும் கரண்ட் வேலை செய்தது அவர்தான்.

"டெஸ்டரு எரியுது மச்சான். மூணு வூட்டுக்கும் எர்த்தே கெடையாது. அன்னைக்கே சொன்னன், குழி தோண்டி எர்த்துக் கம்பி எறக்கணும்னு."

"ஒயரு இழுத்தது நீதானடா?"

"நான் ஒயரு இழுத்தன். நீங்க செலவ இழுத்துப் புடிச்சீங்க."

அவர் போனபின் அப்பா கனகா அக்காவிடம், "கொஞ்ச நாளைக்கு ரப்பர் செருப்பு போட்டுக்கம்மா" என்றார்.

"குளிக்கறப்பவுமாண்ணே? சரி, கோயிலுக்குப் போறப்ப மட்டும் கழட்டிக்கறன்."

அப்போது எல்லாரும் சிரித்தோம். போன புதன்கிழமை வெண்பா அந்தக் குழாயைத் தொட்டுப் பின்னால் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. சாயங்காலம் கனகா அக்கா வந்தபோது கேலி பேசவில்லை.

"எனக்குன்னா பரவால்லண்ணே. இவளுக்கு அஞ்சு வயசு."

அப்பா வெண்பாவின் முழங்கையைப் பார்த்தார். பிறகு பார்க்காமல் பேசினார். "ஒனக்கு ஒடைச்சி செஞ்சா மீதி ரெண்டு வூட்டுலயும் கேப்பாங்க. கடன் முடியாம என்னால கைய வைக்க முடியாது. வேற வூடு பாத்துக்கம்மா. ஞாயித்துக்கெழம பத்து மணிக்குப் பேப்பர எடுத்தாந்து குடுத்துட்டு அட்வான்ஸ வாங்கிக்க."

கனகா அக்கா என்னைத் தாண்டித்தான் வெளியே போனாள். "நாலு எடத்துல கேட்டுட்டன் பாப்பா. தனியா இருக்கற பொம்பளைக்கு வூடு இல்லைங்கறாங்க" என்றாள். நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தெரிந்த பேச்சு அதுதான்.

(அப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. இதை எழுதினால் அவருக்குச் சலுகை கொடுத்த மாதிரி ஆகுமோ என்று யோசித்தேன். நடந்தது, எழுதுகிறேன்.)

5.

இன்று ஞாயிறு. மணி ஒன்பதரை.

பத்து மணிக்கு மேல் நடப்பதை அப்போது எழுத முடியாது. நானும் அங்கே இருக்க வேண்டும். அதனால் முன்னாலேயே எழுதி வைக்கிறேன். பாதிவரைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியும். யார் காலி செய்தாலும் எங்கள் வீட்டில் இப்படித்தான் நடக்கும்.

கனகா அக்கா பத்திரத்தை நீட்டுவாள். அப்பா சட்டைப் பையைத் தடவுவார். "கண்ணாடிய எங்க வச்சன்?" என்பார். கண்ணாடி டிவி மேல் இருக்கும். கிடைக்காத மாதிரியே என் பக்கம் பத்திரத்தை நீட்டி, "தேதி என்னா போட்டிருக்குன்னு படிம்மா" என்பார். எனக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு நான் தேதியை முணுமுணுப்பேன். அவர் பத்திரத்தை வாங்கி நான்காகக் கிழிப்பார். பீரோவில் இருக்கும் பிரதியும் சேர்ந்து கிழியும். அதோடு பதினோராவது நிபந்தனை உலகத்தில் எங்கும் இருக்காது. அடுத்த மாதம் வேறு யாரோ அதே குழாயைத் தொடுவார்கள்.

6.

முதல் முடிவு: நான் தேதியை மட்டும் வாசிக்கிறேன். எழுத எளிது. இரண்டு வரியில் முடிந்துவிடும்.

இரண்டாவது முடிவில் வெண்பா மறுபடி — இல்லை. எழுத மாட்டேன்.

மூன்றாவது முடிவு: நான் தேதியில் தொடங்கிப் பதினொன்றுவரை வாசிக்கிறேன். அப்பா "இது எப்ப வந்துச்சி?" என்கிறார். கீழே அவர் கையெழுத்து இருக்கிறது, மேலே என் கையெழுத்து இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் என்ன சொல்வார் என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அடிக்கிறார். அப்பா என்னை அடித்ததே இல்லை. அந்தப் பக்கம் பொய். ஒன்றில் உடனே பச்சமுத்து மாமாவுக்கு போன் போடுகிறார். அதுவும் பொய், அவ்வளவு சீக்கிரம் மாறுகிறவர் இல்லை. மற்ற இரண்டிலும் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். அதற்கு மேல் அவரைப் பேச வைக்க எனக்கு வரவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. "வீட்டுச் சொந்தக்காரர்" என்று எழுதியபோது அப்பாவைத்தான் நினைத்தேன். ஆனால் அந்த மூன்று வீடும் எனக்கென்று கட்டியவை. நாளைக்கு அந்தச் சொல் நான்தான். "தம் சொந்தச் செலவில்" என்பதும் நான்தான். தெரிந்திருந்தால் எழுதியிருப்பேனா என்று இப்போது கேட்டுப் பார்த்தேன். எழுதியிருப்பேன். பதினைந்து நாள் என்பதைப் பத்து நாள் என்று கூட மாற்றியிருப்பேன்.

ஆக, மீதி இருப்பது குரல் மட்டும்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். மூன்றாம் பகுதிக்குப் போய் அந்த நிபந்தனையை ஒரு தடவை சத்தமாக வாசியுங்கள். பக்கத்தில் ஆள் இருந்தாலும் வாசியுங்கள். எனக்கு முதல் சொல் வந்துவிட்டால் மற்றவை வந்துவிடும் என்று நினைக்கிறேன். என்னைவிட உங்களுக்கு அது எளிது.

கேட் திறக்கிறது. வெண்பா ஏதோ பாடிக்கொண்டு வருகிறாள். அப்பா சட்டைப் பையைத் தடவுகிறார்.

மேற்படி வீட்டில்