பெட்டிக்குக் கேட்காதது

காலாண்டுக் கணக்கு வந்த அன்று நிலைய மேலாளர் அவனை அறைக்குக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தை மேசைமீது தள்ளினார். வட்டமாக ஒரு படம். அதில் பாதிக்கும் மேல் நீலம். நீலம் என்றால் தேசிய வானொலி. ஊர்க்காரர்கள் வாயில் அது 'பெரிய ரேடியோ'. மிச்சத்தைப் பாட்டு மட்டும் போடுகிற நிலையங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கிள்ளிக்கொண்டிருந்தன. இவர்களுடைய உள்ளூர் நிலையத்துக்குக் கிடைத்த மஞ்சள் துண்டு, கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரியும்.

"இது காலை நேரம். உன் நேரம்," என்றார் மேலாளர். "போன தடவை இதுல ரெண்டு மடங்கு இருந்துச்சு. அடுத்த கணக்கும் இப்படியே வந்தா, காலையில தலைநகர் நிகழ்ச்சியையே வாங்கி இங்கயும் அப்படியே ஒலிபரப்பி அஞ்சல் பண்ணிடலாம்னு மேலிடத்துல பேச்சு. உன்னை என்ன பண்றதுன்னு அப்புறமா யோசிக்கலாம்."

அவன் நடத்திய நிகழ்ச்சிக்குப் பெயர் 'எழுந்தாச்சா?'. ஊரில் அவனுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைத்தெருவில் நடந்தால், "என்ன எழுந்தாச்சா, காலையில சிரிக்க வெச்சிட்டியே!" என்று முதுகில் தட்டாத ஆள் இல்லை. வேறு வேலை அவனுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அந்த மைக்கைப் பிடுங்கிக்கொண்டால் அவன் வெறும் ஆள். இத்தனை பேர் தட்டிக்கொடுக்கிற ஒருவனை யாருமே கேட்பதில்லை என்றால், ஒன்று ஊர் பொய் சொல்ல வேண்டும், அல்லது கணக்கு பொய் சொல்ல வேண்டும். கணக்கைச் சந்தேகப்படுவது மனதுக்குச் சுகமாக இருந்ததால் அங்கிருந்தே ஆரம்பித்தான்.

கணக்கு எப்படி எடுக்கிறார்கள் என்று நிலையத்தின் டெக்னீஷியனைப் பிடித்துக் கேட்டான். டெக்னீஷியன் பாதி பிஸ்கட்டை வாயில் வைத்துக்கொண்டே விளக்கினார். "எங்கயாவது சில வீடுகளைப் பொறுக்கி எடுப்பாங்க. வீட்ல ஆளுக்கொரு சின்னப் பெட்டி. தீப்பெட்டி அளவுதான். இடுப்புல மாட்டிக்கணும். ஒவ்வொரு ஸ்டேஷன் ஒலியிலயும் நம்ம காதுக்குக் கேக்காத ஒரு குறி கலந்திருக்கு. பக்கத்துல எந்த ரேடியோ சத்தமா ஓடுதோ, அதோட குறியைப் பெட்டி பிடிச்சுக்கும். அவ்வளவுதான் விஷயம்."

"நம்ம ஊர்ல எத்தனை பெட்டி?"

"கொஞ்சம்தான். அதனாலதான் ரெண்டு மூணு குடும்பம் மாறினாலே நம்ம துண்டு குட்டிக்கரணம் அடிக்குது. யார் வீடுன்னு மட்டும் கேக்காதே. அவங்களும் வெளியில சொல்லக்கூடாது. நம்மள மாதிரி ரேடியோக்காரனோட நெருங்கின சொந்தம்னா பெட்டியே கொடுக்க மாட்டாங்க."

அன்றிலிருந்து அவன் பார்வை மனிதர்களின் முகத்தை விட்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில், வங்கி வரிசையில், மருந்துக்கடையில், எங்கே நின்றாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இடுப்புகளை ஆராய்ந்தான். சாவிக்கொத்து, அலுவலக அடையாள அட்டை, சர்க்கரை நோயாளி ஒருவரின் மருந்துக் கருவி என்று பலதும் அகப்பட்டன. வங்கியில் ஒரு பெண்மணி, "ஏங்க, கண்ணு எங்க மேயுது?" என்று சத்தம் போட்டபோது, வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்லவேளையாக அந்த வரிசையில் அவன் முகம் தெரிந்தவர் யாரும் இல்லை, குரல்தான் எல்லோருக்கும் தெரியும். அவன் வாயைத் திறக்காமல் வெளியே நழுவினான்.

ஊரும் சந்தேகத்துக்கு ஆளானது. முடிவெட்டுகிறவர் கடைக்கு எப்போதும் முன்வாசல் வழியாகப் போகிறவன், ஒருநாள் பக்கத்துச் சந்தில் நின்று காது கொடுத்தான். பெரிய ரேடியோ செய்தி கணீரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் வாசலுக்கு வந்து தலை காட்டியதும் முடிவெட்டுகிறவரின் கை ரேடியோவுக்குப் போனது. "வாங்க வாங்க! இப்பதான் உங்க ஸ்டேஷனைக் கேட்டுட்டிருந்தேன்," என்றார் அவர், கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே. மருந்துக்கடையிலும் இதே நாடகம். தையல்காரர் ஒருவர் மட்டும் ரேடியோவை மாற்றவில்லை. அவருடைய ரேடியோ பழுதாகி வெகுநாள் ஆகியிருந்தது. தன்னைப் பார்த்ததும் ஊர் முழுவதும் நிலையம் மாற்றுகிறது என்று தெரிந்தபோது அவனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது.

இந்த மனநிலையில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் வீட்டுக்குப் போனான். அங்கே அக்கா இருந்தாள்.

அக்காவும் அவனும் சந்திப்பது அம்மா வீட்டில் மட்டும்தான். அக்காவின் கணவர் பூட்டுக்கடை வைத்திருக்கிறார். ஒருமுறை அவர் தன் கடைச் சாவியைத் தொலைத்துவிட்டு, எதிரிக் கடைக்காரரை அழைத்துத் தன் பூட்டையே உடைக்க வேண்டியதாயிற்று. இந்தக் கதை கிடைத்தால் காலை நிகழ்ச்சிக்காரன் சும்மா இருப்பானா? 'எனக்குத் தெரிந்த ஒருவர்' என்று ஆரம்பித்து ரேடியோவில் விலாவாரியாகச் சொல்லிவிட்டான். ஊரில் பூட்டுக்கடைகளே இரண்டுதான். ஒரு வாரம் ஊர் சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. அன்றோடு மைத்துனன் உறவையும் அறுத்தார், உள்ளூர் நிலையத்தையும் வீட்டை விட்டுத் துரத்தினார். காலை முதல் இரவு வரை அந்த வீட்டுக் கூடத்தில் பெரிய ரேடியோ மட்டுமே முழங்கியது.

அக்கா மேல் அலமாரியிலிருந்து பாத்திரம் எடுக்கக் கையை உயர்த்தினாள். சட்டென்று மேலாடை விலகியது. இடுப்பில் கறுப்பாகத் தீப்பெட்டி அளவில் ஒன்று. அதில் பச்சை விளக்கு மினுக்கியது.

"என்னக்கா அது?"

அக்கா அவசரமாக இழுத்து மூடிக்கொண்டாள். "அது... நடைய எண்றது. டாக்டர் நடக்கச் சொன்னாரு."

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் அவள் காது சிவக்கும். இப்போதும் சிவந்தது. அவனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டதுபோல் இருந்தது. அக்கா, அத்தான், அவர்களுடைய இரண்டு மகள்கள், ஆக நான்கு பெட்டிகள். நான்கும் பெரிய ரேடியோவுக்குப் போகின்றன. நான்கும் தன் கழுத்துக்குக் கயிறு. இது தற்செயலா? அத்தான் திட்டம் போட்டுப் பெட்டியை வாங்கி, பழி தீர்க்கிறார். அக்காவும் உடந்தை. இல்லாவிட்டால் ஏன் மறைக்கிறாள்? கூடப் பிறந்தவளே குழி பறிக்கிறாள் என்ற நினைப்பில், அம்மா போட்டுத் தந்த காபியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினான்.

மறுநாள் கணக்கெடுப்பு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசினான். பெயர் சொல்லவில்லை. பழகிய குரல் என்று கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினான். "அந்தப் பூட்டுக்கடைக்காரர் வீட்டுல இருக்கிற அம்மா, ரேடியோக்காரனோட கூடப்பிறந்தவங்க. நீங்க எப்படி அங்க பெட்டி கொடுத்தீங்க?" மறுமுனையில் ஒரு பெண் நன்றி சொல்லி, விசாரிப்பதாகச் சொன்னாள்.

சந்தேகம் அதோடு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. கண்ணால் பார்க்க வேண்டும், கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று அரித்தது. ஆனால் அவனுடைய நேரத்தில் அவன் நிலையத்தில் அல்லவா இருக்க வேண்டும்? அதற்கும் வழி பண்ணினான். ஒருநாள் நிகழ்ச்சியை முந்தின மாலையே பதிவு செய்து டெக்னீஷியனிடம் கொடுத்தான். "இன்னைக்கு நம்ம போன் லைன் பழுதுங்க, யாரும் கூப்பிடாதீங்க" என்று அதில் ஒரு புளுகையும் சேர்த்துவிட்டான்.

காலையில் அக்கா வீட்டின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு பூனை மாதிரி நுழைந்தான். கூடத்தில் பெரிய ரேடியோ சந்தை நிலவரம் படித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அத்தான் முகச்சவரம் செய்துகொண்டே செருமுவதும் கேட்டது. நினைத்ததெல்லாம் சரிதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறையை எட்டிப் பார்த்தான்.

அக்கா அவனுக்கு முதுகு காட்டி ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளோ என்று முதலில் திக்கென்றது. இல்லை, தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு, பக்கத்தில் யாரோ கேள்வி கேட்டதுபோல், "ஒட்டகச்சிவிங்கி!" என்றாள் மெதுவாக.

எந்தப் பிராணிக்குக் குரல் கொடுக்கச் சோம்பல் என்பது அன்றைய புதிர். முந்தின மாலை அவனே யோசித்து வைத்தது.

அக்காவின் ஒரு காதில் மெல்லிய ஒயர் தொங்கியது. ஒயரின் மறுமுனை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்திருந்த சின்ன ரேடியோவுக்குப் போனது. திரும்பியவள் அவனைப் பார்த்துப் பேயறைந்தவள் போல நின்றாள். காதைத் தொட்டாள், அவனைப் பார்த்தாள், மறுபடி காதைத் தொட்டாள்.

"நீ இங்க நிக்கிற," என்றாள் கிசுகிசுப்பாக. "அப்ப இதுல பேசறது யாருடா?"

"பதிவுக்கா. நேத்தே பேசி வெச்சது."

"போன் லைன் பழுதுன்னியே... பொய்யா? ஊரையா ஏமாத்தறே?" அவள் பார்வையில் இப்போது சந்தேகம் ஏறியது. "எதுக்குடா பின்வாசல்ல திருடன் மாதிரி வந்து நிக்கிறே?"

"சும்மா... உன்னைப் பாக்கணும்னு தோணுச்சு," என்றான். ஒலிபரப்பில் அவன் சொன்ன புளுகை விடவும் மட்டமான புளுகு இது.

அக்காவின் முகம் அதை நம்பிக் கனிந்தது. கூடத்துப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இடுப்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினாள். "அன்னைக்குப் பொய் சொன்னேன்டா. இது ரேடியோ கேக்கறவங்களை எண்ற பெட்டி. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. உங்க அத்தான் வேண்டவே வேண்டாம்னாரு. நான்தான் அழுது சம்மதிக்க வெச்சேன். ரேடியோவுல சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு அவங்க கேட்டாங்க. இவரு படக்குனு, அப்படி ஒருத்தனும் எங்களுக்கு இல்லைன்னுட்டாரு. எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ஆனா வாயைத் திறக்கல. திறந்தா பெட்டி போயிடுமே."

"உனக்கு எதுக்குக்கா பெட்டி?"

"என்னடா இப்படிக் கேக்கறே? உனக்கு ஒண்ணு கூடுமில்ல! தினமும் ஒரு நாள் விடாம கேக்கறேன். அவருக்குத் தெரியாம கேட்டாலும், பெட்டிக்குத் தெரியுமில்ல."

பெட்டிக்குத் தெரியாது. காதுக்குள் ஓடுவதைப் பெட்டி கேட்காது. அது கேட்டதெல்லாம் கூடத்தில் முழங்கிய பெரிய ரேடியோவைத்தான். அக்கா ஒவ்வொரு காலையும் ஆசை ஆசையாகத் தம்பிக்குப் போட்டது அத்தனையும் நீலத்தில் போய் விழுந்திருக்கிறது. இதைச் சொல்ல அவன் வாயைத் திறந்தான். அவள் அவன் கையில் ஒரு ரொட்டித் துண்டை வைத்து, "ஓடு, அவரு வந்துடுவாரு," என்று பின்கதவுப் பக்கம் தள்ளினாள்.

வழியெல்லாம் அவனுக்கு அழுகை முட்டியது. இப்படி ஒருத்தியையா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம்போல் இருந்தது. நிலையத்துக்குப் போனதும் முதல் வேலையாகப் புகாரைத் திரும்பப் பெறத் தொலைபேசியை எடுத்தான். எண்களைப் பாதி அழுத்தினான். அங்கேதான் உள்ளே இருந்த இன்னொருவன் விழித்துக்கொண்டான். அக்கா மனசு தங்கம்தான், ஆனால் பெட்டிகள் அங்கே இருக்கும்வரை நான்கும் நீலம். போய்விட்டால் நீலம் குறையும். காலை நேரம் பிழைக்கும். அக்காவுக்கென்ன, ஒரு பெட்டிதானே? அவன் தொலைபேசியை வைத்துவிட்டான். இந்த முறை யாரையும் சந்தேகப்பட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த காலாண்டில் மஞ்சள் துண்டு கொழுத்தது. மேலாளர் தோளில் கை போட்டு, "நீ இல்லாம காலை உண்டா?" என்றார். அஞ்சல் பேச்சு அடங்கியது. அவன் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்; சந்தோஷம் வருகிறதா என்று காத்திருந்தான். அந்த நேரத்தில்தான் அக்காவின் அழைப்பு வந்தது. அவள் அவனை வெளிப்படையாகக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிறது.

"உன் நேரம் தப்பிச்சுதாமே! அம்மா சொன்னா. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு," என்றாள். பின்னால் ஏதோ ரேடியோ சத்தமாக ஓடியது. "பெட்டியெல்லாம் பிடுங்கிட்டுப் போயிட்டாங்கடா. யாரோ கோள் சொல்லியிருக்காங்க. என்னால உனக்கு ஒண்ணு குறைஞ்சிடுமேன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை."

"பின்னாடி என்னக்கா சத்தம்?"

"நம்ம ஸ்டேஷன்தான். கூடத்துலயே போட்டிருக்கேன், முழுச் சத்தத்துல. இனிமே எனக்கென்ன பயம்? கோள் சொன்னது உங்க அத்தான்தான், வேற யாரு? நான் ஒயர் மாட்டிக் கேக்கறதை எப்பவோ மோப்பம் பிடிச்சிருக்காரு. இல்லவே இல்லைன்னு பிள்ளைங்க மேல சத்தியம் பண்றாரு. நான் நம்பல. பெட்டி போன நாள்ல இருந்து அவருகிட்ட ஒரு வார்த்தை பேசல. மூலையில உக்காந்திருக்காரு, சாப்பாடுகூடச் சரியா இறங்கல அவருக்கு."

கேட்டுக்கொண்டிருந்தவன் கையில் வட்டப்படம் கசங்கியது. 'ஆமாக்கா, அவராத்தான் இருக்கும்' என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த வீட்டுக் கூடத்தில் அவன் நிலையம் காலம் முழுக்க ஓடும். சொல்லவும் பார்த்தான். காலையெல்லாம் ஊரோடு பேசுகிற குரல், அந்த ஒரு வரிக்கு வரமாட்டேன் என்றது.

"அக்கா, பெட்டிக்கு உன் காது ஒயர் கேக்காது. அது கேட்டதெல்லாம் பெரிய ரேடியோவைத்தான். அது எனக்குத் தெரியும்." மூச்சை இழுத்துக்கொண்டான். "போன் பண்ணிச் சொன்னது நான்தான்க்கா. அத்தான் இல்ல."

அக்கா இணைப்பைத் துண்டிக்கவில்லை. அந்த வீட்டுக் கூடத்தில் அவனுடைய சொந்தக் குரலே, நாளைய நிகழ்ச்சியில் என்னென்ன உண்டு என்று உற்சாகமாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது. பிறகு அது பாதிச் சிரிப்பில் நின்றது.

"என்னங்க," என்று அக்காவின் குரல் கேட்டது. அவனிடம் அல்ல. "உங்க ரேடியோவையே போட்டுக்கோங்க."